மேற்படி என்றொரு ஊர்

கயல்விழி என் கடைக்கு முதலில் வந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக. போட்டோவை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள். "பாய், இங்க நெட்டு நல்லா கெடைக்குமா?" என்று கேட்டாள். குத்தாலம் கடைத்தெருவில் இருபத்தெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இருக்கா என்று கேட்பார்கள், கலர் பிரிண்ட் வருமா என்று கேட்பார்கள். நெட்டைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவள்தான். மறுநாளிலிருந்து லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்து மேஜை அவளுடையதாகிவிட்டது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அந்த மேஜையில் பழைய காலண்டர்கள்தான் உட்கார்ந்திருந்தன.

அவளைப் பற்றி இப்போது ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் என் கடையில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். நடந்ததில் ஜாபிர் பாயின் பங்கு என்ன என்று தெரியாமல் ஜாபிர் பாயிடமே பேசுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கயல்விழிக்குச் சொந்த ஊர் நெய்க்கொல்லை, இங்கிருந்து சைக்கிளில் இருபது நிமிஷம். அப்பா ஐயாவு ஒரு காலத்தில் பண்ணையாள். இப்போது நாலு மா நிலத்துக்குச் சொந்தக்காரர். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முதுகு நிமிரும். இரண்டு பெண்கள். மூத்தவள் வேம்பு பத்தாவதோடு நின்று நடவுக்குப் போனாள். அவள் நின்றதால் இளையவள் படித்தாள். "அக்கா சேத்துல கால வச்சா, நான் காலேஜ்ல கால வச்சேன் பாய்" என்று கயலே சொல்லியிருக்கிறாள். மயிலாடுதுறையில் புள்ளியியல், பிறகு மேற்படிப்பு, பிறகு சென்னையில் இரண்டு வருஷம் ஒரு கம்பெனி. கொரோனாவில் ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் ஒன்பது ஊர்களின் அடிபம்புத் தண்ணீரைச் சோதித்து வரைபடம் போடும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தது.

சோதித்தது நைட்ரேட் என்ற உப்பை. வயலில் கொட்டுகிற யூரியாவிலிருந்தும் மாட்டுக்கொட்டகைக் கழிவிலிருந்தும் அது நிலத்தடித் தண்ணீருக்கு இறங்குமாம். வாடை கிடையாது, ருசி கிடையாது. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடரைக் கலந்து கொடுத்தால் ரத்தம் மூச்சைச் சுமக்காது, பிள்ளை நீலம் பாரித்துவிடும். இதெல்லாம் கயல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்களில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் வரும். மீதி நாளெல்லாம் அடிபம்புதான்.

அவள் வேலை செய்தது 'ஆர்' என்ற நிரல் மொழியில். "ஏம்மா, இனிஷியல மட்டும் வச்சிட்டுப் பேரு வைக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. வேலையில் இருக்கும்போது அவள் சிரிக்க மாட்டாள். திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் கொண்டையை அவிழ்த்து இன்னும் இறுக்கி முடிவாள். பாக்கிச் சில்லறை தராத கண்டக்டரிடம் பேசுகிற குரலில் அந்தச் செய்தியை வாய்விட்டுப் படிப்பாள். சரிசெய்த பிறகு இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுதுவாள்: எண், பிழைச் செய்தி, காரணம், சரிசெய்த விதம். அதற்குப் 'பிழை நோட்டு' என்று பேர். ஒரு பள்ளத்தில் ஒரு தரம்தான் விழவேண்டும் என்பது அவள் கொள்கை.

தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் பரிதி, ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவன், நாற்பத்தைந்து வயது. இன்னொருவன் எங்கள் தெரு அஸார். ஆளுக்கு ஒரு நோட்டு. எந்தத் தேதி, எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நம்பர் பாட்டில் என்று பேனாவால் எழுதிக்கொண்டு வந்தார்கள். இடத்தைப் போனிலும் பதிந்தார்கள். பாட்டில் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிற்று. நோட்டு இரண்டும் தட்டச்சுக்காக என் கடைக்கு வந்தன.

மாசி மாதம் முழுக்க அந்த வரைபடத்தோடு கயல் மல்லுக்கட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் நாளே அடிபம்புகளைக் காணவில்லை.

"பாய், நம்ம ஊர் பம்பெல்லாம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எங்கம்மா?"

"நார்வேக்கு வடக்க. பனிக்கடல்ல."

பதினொன்று, எழுபத்தொன்பது என்று இருக்க வேண்டிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எழுபத்தொன்பது, பதினொன்று என்று திரும்பிக் கிடந்தன. அதைத் திருப்பிப் போட்டதும் பம்புகள் நார்வேயிலிருந்து கிளம்பி காவேரிக்கரைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் அதில் நாற்பத்தொரு பம்பு ஒரே புள்ளியில் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் குத்தாலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசல். பரிதியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"போன்ல சார்ஜ் இல்லம்மா. சாயங்காலம் டீக்கடையில சார்ஜ் போட்டுட்டு உக்காந்து மொத்தத்தையும் ஏத்துனேன்."

"ஏத்துறப்ப நீங்க எங்க இருக்கீங்களோ அந்த எடத்தத்தாண்ணே அது எடுத்துக்கும்."

"அது எனக்கென்ன தெரியும். நான் நோட்டுல சரியாத்தான் எழுதியிருக்கேன்."

நோட்டில் அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். இதை நான் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன்.

அஸாரின் பம்புகள் தானாகவே இடத்தில் உட்கார்ந்தன. பரிதியின் நாற்பத்தொன்றையும் ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் வைத்துத்தான் வரைபடத்தோடு பொருத்த வேண்டியிருந்தது. அங்கே அடுத்த தகராறு. வரைபடத்தில் 'நெய்க்கொல்லை', நான் அடித்ததில் 'நெய்கொல்லை'. அதில் 'கீழத்தெரு', இதில் 'கீழ தெரு'. மனுஷக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் வேறு ஊர். பள்ளிக்கூடத்தில் ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் போகும், இங்கே ஊரே போகிறது என்றேன். "இலக்கண அய்யா கிட்ட நல்லா அடி வாங்கியிருந்தா இப்படி அடிச்சிருப்பீங்களா பாய்?" என்றாள். இரண்டு நாள் ஒற்றைத் திருத்தினோம்.

அதற்கப்புறம்தான் மேற்படி வந்தது.

எங்கள் பக்கம் கையால் நோட்டு எழுதுகிறவன் ஒரே பேரை இரண்டு தரம் எழுத மாட்டான். முதல் வரியில் ஊர்ப் பேரை எழுதிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் ௸ என்று ஒரு சுழி சுழித்துக்கொண்டே போவான். மேற்படி, அதாவது மேலே சொன்னதேதான். என் வாப்பா ஜெக்கரியா ஒரு பத்திர எழுத்தரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். ௸ ஊர், ௸ சர்வே நம்பர், ௸ நபர் என்று அவர் பேனா ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்கு எழுத்தே வந்தது. பரிதியும் அஸாரும் அப்படியே எழுதியிருந்தார்கள். ௸ என் கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால் 'மேற்படி' என்றே அடித்து வைத்திருந்தேன்.

"பாய், மேற்படிங்கிற ஊர்ல நூத்தியாறு பம்பு இருக்கு. அது எந்தத் தாலுக்கா?"

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த மேஜையில் உட்கார்ந்து அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஒரே ஒரு வரி எழுதினாள். மேற்படி என்று இருக்கிற இடத்தில் அதற்கு மேலே உள்ள ஊர்ப் பேரைக் கீழே இறக்கு என்று அந்த வரிக்கு அர்த்தம். நூற்றாறு இடமும் நொடியில் நிரம்பின. சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. பிழை நோட்டில் அதை அறுபதாவதாக எழுதி மூடினாள்.

நிறுவனம் சொன்ன கணக்கு இது: ஒரு தெருவில் ஒரு பம்பு கெட்டிருந்தாலும் தெரு முழுக்கச் சிவப்பு, எதுவும் கெடவில்லை என்றால் பச்சை. படம் வந்தது. நான்தான் அச்சடித்தேன். சிவப்புத் தெருக்களில் எந்தப் பாட்டில் கெட்டது என்ற நம்பரும் கீழே இருந்தது. அவ்வளவு நல்ல படத்தை என் மெஷின் அதுவரை துப்பியதில்லை. பெருமை தாங்காமல் ஒரு பிரதியை என் கடைச் சுவரிலும் ஒட்டினேன்.

அதில் நெய்க்கொல்லை கீழத்தெரு சிவப்பு. அது கயலின் சொந்தத் தெரு.

படத்தைப் பார்த்து ஊராட்சி ஆட்கள் அந்தத் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு போன அன்று ஐயாவு வேட்டியை மடித்துக் கட்டியபடி என் கடைக்கே வந்துவிட்டார். "நாப்பது வருஷமா குடிக்கிறேன். எங்கப்பன் குடிச்சான். இவ படத்த வரைஞ்சு பம்பப் புடுங்குறா. தெருவுல எவனும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. அக்கா புள்ளைக்கு ஆவும்" என்றாள் கயல்.

வேம்பு பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பெண் குழந்தை, அப்போது இரண்டரை மாதம். தாய்ப்பால் போதாமல் பவுடரும் கலந்து கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் புருஷன் வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். கயல் சுவரில் இருந்த படத்தில் விரலை வைத்தாள். வேம்புவைக் கட்டிக்கொடுத்த ஊர் காரைவெளி, கீழத்தெரு. அங்கே பச்சை.

"அஞ்சாம் மாசம் வரைக்கும் எதுக்கு? அங்க தண்ணி நல்லாருக்கு. இந்த வாரமே அனுப்பிடுங்கப்பா."

ஐயாவு என்னைப் பார்த்தார். படித்தவள் சொல்கிறாள், கேளுங்களேன் என்று நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய்க்கு எப்போதும் ஒரு பூட்டு குறைவு.

புதன்கிழமை வேம்பு பிள்ளையோடு காரைவெளிக்குப் போனாள்.

பதினெட்டாம் நாள் பரிதி ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு வந்தான். மெஷின் சூடாகும்வரை சுவரில் இருந்த படத்தைப் படித்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்:

"பாய், இதுல நூத்திப்பதினேழாம் பாட்டிலு நெய்க்கொல்லைன்னு போட்டிருக்கு."

"ஆமா, அதான் கெட்ட பாட்டிலு. அதுக்கென்ன?"

"அது என் பாட்டிலாச்சே. பம்பு கைப்பிடி கிழிச்சு உள்ளங்கையில ரத்தம். லேபிள் மேல கூட ரத்தம் பட்டுச்சு, அதனால நம்பரு ஞாபகம் இருக்கு." கையை விரித்துக் காட்டினான். வடு இருந்தது. "நான் நெய்க்கொல்லைக்குப் போவவே இல்லியே. அது அஸார் போன ஊரு. இது காரைவெளி. கீழத்தெரு கடைசி, வைக்கப்போருகிட்ட."

நோட்டு இரண்டும் என் மேஜையின் கடைசி டிராயரில் கிடந்தன. பரிதியின் நோட்டை எடுத்தேன். பன்னிரண்டாம் தேதி முதல் வரி: காரைவெளி. அதற்குக் கீழே ௸, ௸, ௸. பக்கம் முடிந்து பதிமூன்றாம் தேதி தொடங்குகிறது. அன்றும் அவன் அதே ஊரில்தான் இருந்திருக்கிறான். ஊர்ப் பேரைத் திரும்ப எழுதவில்லை, ௸ என்று தொடர்ந்திருக்கிறான். நூற்றுப்பதினேழு அங்கே இருந்தது. நோட்டில் ஒரு தப்பும் இல்லை.

பிறகு கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு நோட்டையும் அடித்து முடித்தபோது தேதிகள் முன்னும் பின்னுமாக இருந்தன. முதலில் பரிதி நோட்டு முழுக்க, பிறகு அஸார் நோட்டு முழுக்க. படித்த பிள்ளைக்கு அலங்கோலமாகக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாக ஒரு பொத்தானை அழுத்திப் பட்டியல் முழுவதையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். எந்த நோட்டு யாருடையது என்று ஒரு கட்டம்கூடப் போடவில்லை. அடுக்கியதும் என்ன ஆயிற்று? பன்னிரண்டாம் தேதி பரிதியின் வரிகள், அதன் கீழே அதே நாள் அஸார் போன நெய்க்கொல்லை வரிகள், அதன் கீழே பதிமூன்றாம் தேதி பரிதியின் மேற்படிகள். அந்த மேற்படிகளுக்கு மேலே இப்போது இருந்தது காரைவெளி இல்லை, நெய்க்கொல்லை.

மேற்படி என்பதற்கு மேலே இருப்பது மாறாமல் இருக்கவேண்டும். பத்திர ஆபீஸில் வளர்ந்த எனக்கு இது தெரியாதா?

கயலின் கம்ப்யூட்டர் ஏன் கத்தவில்லை என்பதும் புரிந்தது. இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் கீழத்தெரு இல்லாத ஊர் எது? காரைவெளி கீழத்தெருப் பம்பு நெய்க்கொல்லை கீழத்தெருவுக்குப் போய், சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. காரைவெளி கீழத்தெருவில் முந்தின நாள் பிடித்த ஒரு நல்ல பம்பு மட்டும் மிஞ்சியதால் அந்தத் தெரு பச்சை. ஒரு ஒற்றுக்காக இரண்டு நாள் அழிச்சாட்டியம் பண்ணிய மெஷின், இதற்கு வாயே திறக்கவில்லை.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நோட்டை டிராயரில் போட்டு மூடிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அல்லாஹ் அறிவான். பரிதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை எடுத்தேன்.

கயலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நூத்திப்பதினேழு வைக்கப்போருகிட்டயா?" என்று மட்டும் கேட்டாள். வேம்பு வீடு வைக்கோல்போருக்கு எதிர்வாசல் என்று எனக்கு அப்போது தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் அவளை ஏற்றிக்கொண்டு என் வண்டியில் போனேன். வழியெல்லாம் அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள், எடுக்கவில்லை. சித்திரை வெயில். அறுவடை முடிந்த வயல்களில் ஆடு மேய்ந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

வேம்பு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். "வாங்க பாய். என்னடி, இந்த வெயில்ல?" என்றாள். கயல் சங்கைப் பிடுங்கினாள். பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. நகத்தைப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான்.

"புள்ள எப்பலேர்ந்து இப்படி இருக்குக்கா?"

"ஒரு வாரமா நெறம் கொறையுது. அப்பா நெறத்துக்குப் போவுதுன்னு அத்த சொன்னாங்க. ஏன்டி?"

"தண்ணி எங்கேருந்து எடுக்குற?"

"எதுத்தாப்புல பம்புலேர்ந்துதான். நீதான நல்ல தண்ணின்ன. அதயும் நான் அப்படியே குடுக்கல. நல்லா கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் கலக்குறேன்."

நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். இதையும் கயல்தான் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து அவளால் அதை அன்று சொல்ல முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மயிலாடுதுறையில் பார்த்துவிட்டு அங்கிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். தண்ணீரைப் பற்றிக் கயல் சொன்னதும் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். நீலம் பாரித்த பிள்ளைக்கு நீல மருந்து. இரண்டு மணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மாதாமாதம் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் 'சரியாக இருக்கிறதா' என்ற வார்த்தைதான் அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வேம்பு தங்கையிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். "தாய்வீட்டுலயே இருந்திருந்தா எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" கயல் ஆமாம் என்று சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அதற்குப் பிறகு அக்கா தங்கைக்குள் பேச்சில்லை.

நிறுவனத்தில் கயல் என் பேரைச் சொல்லவே இல்லை. தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பரிதியைக் கூட்டிக்கொண்டு ஒன்பது ஊரையும் நடந்தே சரிபார்த்தாள். பம்பு பம்பாக நின்று ஊர்ப் பேரை முழுசாக எழுதினாள். வேறு மூன்று தெருக்களும் நிறம் மாறின. காரைவெளிப் பம்பின் கைப்பிடியை அவளே முன்னால் நின்று கழற்ற வைத்தாள். நெய்க்கொல்லைப் பம்புக்குக் கைப்பிடி திரும்பி வந்த அன்று ஐயாவு ஒரு சொம்பு தண்ணீர் அடித்துக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாராம். திட்டியிருந்தால் தேவலை என்று கயல் என்னிடம் சொன்னாள்.

"ஏம்மா எம் பேரச் சொல்லல?" என்று நானே கேட்டேன். "நான் அடுக்குனதாலதான்."

"நீங்க அடுக்குனீங்க. கேக்காம நெரப்புன வரி என்னோடது பாய். மேல இருக்கறது சரியான்னு பாக்காம கீழ எறக்குனது நான்."

அன்று பிழை நோட்டை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனாள். மறந்தாளோ, எனக்காக வைத்தாளோ தெரியாது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எண்: அறுபத்தொன்று. பிழைச் செய்தி: எதுவும் வரவில்லை. காரணம்: மேற்படி. சரிசெய்த விதம் என்ற இடம் காலியாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை வேம்பு பிள்ளையோடு கடைக்கு வந்தாள். பிள்ளையின் பேரை ரேஷன் கார்டில் சேர்க்க மனு அடிக்கவேண்டுமாம். பிள்ளை என் ஸ்டேப்ளரைப் பிடிக்கக் கையை நீட்டியது. நகம் ரோஜா நிறம். நகத்தைப் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் இன்றும் முடியவில்லை. லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்து மேஜையை வேம்பு பார்த்தாள். யாரும் இல்லை.

"அவ வர்றாளா?"

"வாரத்துல ஒரு நா வருது."

மனுவை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னாள்: "படிச்சவளேன்னு நம்புனேன் பாய். அவ படிக்கணும்னு நான் நடவுக்குப் போனேன். கால்ல சேத்துப்புண்ணு இன்னும் ஆறல. அவ ஒரு நிமிஷம் சரியாப் பாத்திருக்கக்கூடாதா?"

மூன்று மாதமாக இந்தக் கடையில் நின்று எத்தனையோ பேர் கயலைப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எதிரே நின்றது வேம்பு. இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"வேம்பு, அந்தப் பட்டியல மாத்தி அடுக்குனது நான்" என்றேன். நோட்டை எடுத்து வைத்து, ௸ என்று பரிதி சுழித்திருந்ததை, அது எந்த ஊரின் கீழே இருந்தது, நான் எந்த ஊரின் கீழே தள்ளினேன் என்று விரலை வைத்து முழுசாகச் சொன்னேன். அவள் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை ஸ்டேப்ளரைத் தட்டிவிட்டது. யாரும் எடுக்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"கேட்டேன். தப்பு தன்னோடதுதான்னு சொல்லிடுச்சு."

வேம்பு அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினாள். மன்னிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பித் திரையைக் காட்டினாள்.

"இதுல ரெண்டு எடத்துல விலாசம் கேட்டிருக்கு. கீழ என்ன போட்டிருக்கீங்க?"

நிரந்தர முகவரி: கீழத்தெரு, காரைவெளி. தற்போதைய முகவரி என்ற இடத்தில் என் கை பழக்கத்தில் அடித்து வைத்திருந்தது.

"மேற்படின்னு" என்றேன்.

"அத அழிங்க பாய். ஊர் பேர முழுசா எழுதுங்க."

அழித்தேன். கீழத்தெரு, காரைவெளி என்று அடித்தேன். வேம்பு குனிந்து, திரையில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கடைசிவரை படித்தாள்.